ரஃபியா போர்க்களத்துக்கு ஒரு பதாதி

கி.மு. 217-ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், இன்று ரஃபா என்று வழங்கும் ரஃபியா ஊருக்கு அண்மையில், எகிப்தின் அரசனான நான்காம் டாலமியும் சிரியாவின் அரசனான மூன்றாம் அந்தியோக்கஸும் தத்தம் சேனைகளோடு எதிர்நின்றபோது, டாலமியின் அணிவகுப்பில் 20,000 எகிப்தியர்கள், அதுவரை மக்கெதோனியக் குடியேறிகளுக்கே உரியதாயிருந்த சரிசா என்னும் நெட்டீட்டியைப் பிடித்து நின்றார்கள். அவர்களுக்கு அந்த ஆயுதத்தைக் கொடுத்தவர் மந்திரியான சோசிபியஸ். மெம்பிஸ் நகரத்தில் தூதர்களை வரவேற்பதும் சமாதானம் பேசுவதுமாகக் காலத்தை நீட்டிக்கொண்டே, எவர் கண்ணிலும் படாதபடி அலெக்ஸாந்திரியாவில் அவர்களுக்கு ஆயுதப் பயிற்சி நடக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார் என்று கிரேக்கச் சரித்திராசிரியர் பொலிபியஸ் தம் ஐந்தாம் புத்தகத்தில் எழுதுகிறார். சரித்திரத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு எங்கேனும் ஓரிடம் சொந்த ஊர்போல ஆகிவிடும். எனக்கு அந்த அணிவகுப்பு அப்படி ஆயிற்று.

ஆகவே, 2004-இல் வெளிவந்த, கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனத்தார் உருவாக்கிய 'ரோம்: டோட்டல் வார்' என்ற யுத்த தந்திர விளையாட்டு என் கைக்கு வந்தபோது, நான் முதலில் தேடியது அந்த எகிப்தியப் பதாதியைத்தான். கிடைக்கவில்லை. விளையாட்டின் கதை கி.மு. 270-இல் தொடங்குகிறது, அப்போது எகிப்தை ஆண்டவன் இரண்டாம் டாலமி, அவனுடைய சேனை மக்கெதோனிய முறையில் அமைந்த சேனை. ஆனால் விளையாட்டில் எகிப்தின் கொடிக்கீழ் வருபவையோ ரதங்களும், பாரோவின் மெய்க்காவலரும், தலைத்துணி அணிந்த கோடாரி வீரரும். இவை இரண்டாம் ராம்சேஸ் காலத்துக் காட்சிகள்; ஏறக்குறைய 1,000 ஆண்டு முந்தியவை. கண்ணுக்கு மிக அழகானவை என்பதில் சந்தேகமில்லை. எனினும் அந்த அழகுக்காக ஒரு ஜனசமூகத்தின் ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்தை இல்லாததாக்குவது சரியென்று என் மனம் ஒப்பவில்லை.

இந்தப் பிழையை விளையாடுபவரே திருத்திக்கொள்ளலாம் என்பது இவ்விளையாட்டின் தலையாய குணம். 'மாட்' என்று இளைஞர் வழங்கும் இத்திருத்தங்களுக்கு வேண்டிய விவரங்கள் யாவும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே கணினியில் கிடக்கின்றன. அவற்றுள் முதன்மையானது 'ஈடியூ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் படைப்பிரிவுக் கோப்பு. ஒரு படைப்பிரிவுக்கு இருபத்தைந்து வரிகள் போதும்: எத்தனை பேர், என்ன ஆயுதம், எவ்வளவு கவசம், எந்த நிலத்தில் எப்படிப் போர் செய்வார்கள், வெயிலில் எவ்வளவு களைப்பார்கள், மனத்திண்மை எத்தகையது, திரட்ட என்ன செலவு, பராமரிக்க என்ன செலவு. நோட்பேட் ஒன்றிருந்தால் எவரும் மாற்றலாம். இரண்டு மாத காலம் மாலைப்பொழுதுகளை இதில் செலவிட்டபின் என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன்: சரித்திரம் படிப்பவனை இவ்வளவு கண்டிப்பாகக் கேள்வி கேட்கும் கருவி வேறொன்றை நான் கண்டதில்லை. "நெருங்கி நின்றார்கள்" என்று நூலில் படித்துவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம்; கோப்போ, எத்தனை மீட்டர் நெருக்கம் என்று எண்ணைக் கேட்டு நிற்கிறது.

அந்த எண்ணைத் தேடிப் போனால் பொலிபியஸே கை கொடுக்கிறார். பதினெட்டாம் புத்தகத்தில் அவர் கூறும் கணக்கின்படி, நெருங்கிய வியூகத்தில் ஒரு வீரனுக்கு மூன்றடி இடம். ஈட்டியின் நீளம் நடைமுறையில் 14 முழம், அதாவது ஆறு மீட்டருக்குச் சற்று மேல். அதில் நான்கு முழம் கைப்பிடிக்கும் பின்பாரத்துக்கும் போக, பத்து முழம் முன்னே நீளும். இரண்டு முழத்துக்கு ஒரு வரிசையாக நிற்பதால், முன்வரிசை வீரனுக்கு முன்னால் ஐந்து ஈட்டி முனைகள் நிற்கும். ஆறாம் வரிசை முதலாகப் பின்னே நிற்பவர்கள் ஈட்டியைச் சாய்த்து உயர்த்திப் பிடித்து, பறந்துவரும் எறிபடைகளைத் தடுப்பார்கள். கோப்பின் அணிவகுப்பு வரியில் ஐந்து எண்கள் உண்டு: நெருங்கி நிற்கையில் பக்க இடைவெளி, முன்பின் இடைவெளி, தளர்ந்து நிற்கையில் அவ்விரண்டும், கடைசியில் வரிசைகளின் எண்ணிக்கை. முதல் இரண்டிலும் 0.9 என்று எழுதினேன். கடைசியில் 16 என்று எழுதினேன். கோப்பில் 60 பேர் என்று குறித்தால், ஆகப் பெரிய அளவைத் தேர்ந்து விளையாடும்போது அது 240 பேராகப் பெருகும். பதினாறு வரிசையில் 240 பேர் என்றால் வரிசைக்கு 15 பேர். மக்கெதோனியப் போர்முறையில் சின்டாக்மா என்ற அடிப்படைப் பிரிவோ 16-க்கு 16, ஆக 256 பேர். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு சதுரம் திரையில் அநேகமாகத் தன் உண்மையளவிலேயே எழுந்து நின்றதைக் கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை மறைக்க விரும்பவில்லை.

குறைகளும் அங்கேயே தொடங்குகின்றன. வரிசைகளின் எண்ணிக்கை ஆரம்ப நிலை மாத்திரமே. கணினி எதிர்ப்பக்கம் நின்று ஆடும்போது தன் இஷ்டப்படி அணியை அகலமாக்கி ஆழத்தைக் குறைத்துவிடுகிறது. அடுத்து, வீரனுக்கு இரண்டாவது ஆயுதமாகக் குறுவாளைக் கொடுத்தால், பகைவன் சற்று நெருங்கியவுடனே ஈட்டியைக் கைவிட்டு வாளை உருவிக்கொள்கிறான். ஐந்து முனை வேலி ஒரு கணத்தில் கலைந்துபோகிறது. வாள் இருந்தது என்பதற்குச் சரித்திரத்தில் பிரமாணம் உண்டு. ஆயினும் வியூகம் வியூகமாக நிற்கவேண்டி வாள் வரியை நீக்கினேன். ஓர் உண்மையைக் காக்க மற்றோர் உண்மையைத் துறக்க நேர்ந்த இடம் இது. இன்றும் மனம் உறுத்துகிறது. ஆயுத வரியின் இறுதியில், அடி பட்டவன் மடியும் வாய்ப்பைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கிறது. மூல விளையாட்டில் அது பெரும்பாலும் 1 என்றே நிற்பதால், போர் சில நிமிஷங்களில் தீர்ந்துவிடுகிறது. அதைப் பின்னமாகக் குறைத்தபின்னரே இரு பதாதிகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும் காட்சியைக் கண்ணால் காண முடிந்தது.

அளவு விஷயத்திலும் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். டாலமியிடம் 70,000 காலாட்களும், 5,000 குதிரைவீரர்களும், 73 யானைகளும் இருந்தன. அந்தியோக்கஸிடம் 62,000 காலாட்கள், 6,000 குதிரைவீரர்கள், 102 யானைகள். விளையாட்டிலோ ஒரு சேனைக்கு இருபது பிரிவுகளே. பிரிவுக்கு 240 என்றால் மொத்தம் 4,800. ஆகவே திரையில் நிற்கும் ஒவ்வொருவனும் ஏறக்குறைய பதினாறு பேருக்குப் பிரதிநிதி. அந்தக் கணக்கில் எகிப்தியர்களுக்கு ஐந்து பிரிவு, 25,000 மக்கெதோனியப் பதாதிக்கு ஏழு பிரிவு. யானையோ ஐந்துக்கும் குறைவு.

மனத்திண்மை வரியில் மூன்று விஷயங்கள் எழுதவேண்டும்: தைரியம், கட்டுப்பாடு, பயிற்சி. இங்கேதான் நான் நெடுநாள் தயங்கினேன். புதிதாக ஆயுதம் பிடித்தவர்கள் என்று தைரியத்தைக் குறைப்பதா, வெற்றி தந்தவர்கள் என்று கூட்டுவதா? பொலிபியஸின் வர்ணனையை மீண்டும் படித்தேன். தன் இடப்பக்கம் முறியடிக்கப்பட்டதும், டாலமி பதாதியின் பின்னே சென்று, சட்டென்று நடுவில் வெளிப்பட்டுத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். அதைக் கண்டு பகைவர் திடுக்கிட, சோசிபியஸின் பிரிவு ஈட்டிகளைத் தாழ்த்தி முன்னேறுகிறது. அரசன் முகம் கண்டு பொங்கிய வீரர்கள் என்றால், தனியே நிற்கையில் நடுத்தரத் தைரியமும், நல்ல பயிற்சியும் உடையவர்கள் என்பது பொருள். சேனாதிபதி அருகிருக்கும்போது தைரியம் ஏறுவதை விளையாட்டே கணக்கிட்டுக்கொள்வதால், தைரியத்தை நடுத்தரமாகவும் பயிற்சியை உச்சமாகவும் வைத்தேன். சோதனைப் போரில், சேனாதிபதியைப் பின்வாங்கவிட்டு மறுபடி நடுவே கொண்டுவந்தபோது, தளர்ந்துகொண்டிருந்த மூன்று பிரிவுகள் நிலைத்து நின்றன.

உருவம் தீட்டும் வேலை தனிப் பிரயத்தனம். மூல உருவத்தை மாற்றும் திறமை எனக்கில்லாததால், உள்ள உருவத்தின்மேல் படியும் வண்ணப்படத்தை மாத்திரம் கிம்ப் மென்பொருளில் திருத்தினேன். சிடோன் நகரத்துக் கல்லறைகளில் டாலமிகளின் கூலிவீரர் உருவங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டு, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாலஸ்திரீனா நைல் மொசைக்கிலும் வீரர்கள் இருக்கிறார்கள். முகங்களுக்கு ஃபயூம் பிரதேசத்து ஓவியங்களைப் பார்த்து வரைய ஆசை எழும். அவை ரோமர் ஆட்சிக்காலத்தவை என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டேன்.

யானை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாலமியின் ஆப்பிரிக்க யானைகள் அந்தியோக்கஸின் இந்திய யானைகளின் வாடைக்கும் பிளிறலுக்கும் உருவத்துக்கும் அஞ்சின என்பது பொலிபியஸ் வாக்கு. அவை குள்ளமான காட்டு இனம் என்று நெடுங்காலம் சமாதானம் சொல்லப்பட்டது. 2014-இல் வெளியான எரித்திரிய யானைகளின் மரபணு ஆராய்ச்சி, அவை புல்வெளி இனம் என்று காட்டியபின் அந்தச் சமாதானம் வலுவிழந்தது. ஆதலால் உருவத்தைத் தொடாமல் தைரியத்தை மாத்திரம் குறைத்தேன். மிரண்ட யானையைப் பாகனே கொன்றுவிடும் கட்டளையும் விளையாட்டில் இருக்கிறது.

புதிதாக இறங்குவோருக்கு ஒரு யோசனை: தொடக்கக் கட்டளையோடு 'ஷோ எர்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு காற்புள்ளி தவறினாலும் காரணம் சொல்லாமல் விளையாட்டு மூடிக்கொள்ளும், இரவெல்லாம் தேடவேண்டிவரும். 2021-இல் வெளிவந்த, ஃபெரல் நிறுவனத்தார் உருவாக்கிய புதுப்பித்த பதிப்பில் பழைய வரம்புகள் பல தளர்ந்திருக்கின்றன. இன்று தொடங்குவோர் அதையே வாங்குவது உசிதம்.

ஒன்று மட்டும் இரு பதிப்பின் கோப்பிலும் இல்லை. ரஃபியாவில் வென்ற எகிப்தியர்கள், அந்த வெற்றியால் பெருமிதம் கொண்டு, இனி அந்நியனுக்குக் கட்டுப்படுவதில்லை என்று எழுந்தார்கள்; கி.மு. 205 முதல் 186 வரை தென் எகிப்து தனி அரசர்களின் கீழ் பிரிந்தே நின்றது. வீரனைத் திரட்டும் விலையைப் பொன்னாகக் குறிக்க இடமுண்டு. இந்த விலையைக் குறிக்க இடமில்லை. பலநாள் யோசித்துக் கட்டடக் கோப்பில் ஒரு வழி கண்டேன்: இவர்களைப் பயிற்றும் பாசறையோடு, நகர மக்களின் திருப்தியைக் குறைக்கும் வரி ஒன்றைச் சேர்த்தேன். பிறகு படைப்பிரிவின் உரிமை வரியில், கலகக்காரரைக் குறிக்க விளையாட்டு வழங்கும் 'ஸ்லேவ்' என்ற சொல்லையும் எழுதினேன்; அது இருந்தால்தான் கலகம் செய்யும் நகரம் இவ்வீரர்களைத் தன் சேனையில் நிறுத்த முடியும்.

மூன்றாம் முறை ஆடியபோது தீப்ஸ் நகரம் கைவிட்டுப் போயிற்று. கோட்டைக்கு வெளியே என் காவற்படை நின்றது. உள்ளிருந்து, பதினாறு வரிசை ஆழத்தில், நான் தீட்டிய அதே முகங்களும் அதே நெட்டீட்டிகளுமாக அவர்கள் வெளியே வந்தார்கள்.