தச்சர் ருஹியின் நடை

ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது அந்தக் குன்றும், அதன்மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையும், உச்சியில் நிற்கும் ஒற்றை மரமும்தான். எனக்கு அப்படியல்ல. ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தத் தச்சருக்காக. பொழுது சாய்ந்த பிறகு படத்துக்குள் வந்து, சிறுவன் அகமதுக்கு வழிகாட்டக் கிளம்பும் அந்தக் கூன் விழுந்த கிழவருக்காக.

பையனுக்கு அவசரம். தவறுதலாக எடுத்து வந்துவிட்ட நோட்டு நண்பன் கைக்குப் போய்ச் சேராவிட்டால், மறுநாள் அவன் பள்ளியிலிருந்து துரத்தப்படுவான். கிழவருக்கோ நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆனால் வாய் ஓயவில்லை. இந்தக் கதவு நான் செய்தது, அந்த ஜன்னல் நான் செய்தது, இப்போது எல்லாரும் இரும்புக் கதவுக்கு மாறிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். மரச்சட்டங்களின் இடைவெளியில் கசியும் விளக்கொளி சந்துச் சுவர்களில் விழுகிறது. பையன் இரண்டடி முந்துவான், நிற்பான், திரும்பிப் பார்ப்பான். ஊற்றருகில் கிழவர் ஒரு பூவைக் கொடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வேறொரு இயக்குநர் இதை மூன்று ஷாட்டில் முடித்திருப்பார். கியரோஸ்தமி அந்தக் கால்களின் வேகத்துக்கே படத்தை விட்டுவிடுகிறார்.

அதுவரை வந்த பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். அம்மா துணி துவைத்தபடியே, பாடம் எழுது என்பதைத் தவிர வேறெதையும் காதில் வாங்குவதில்லை. தாத்தா தன்னிடம் சிகரெட் இருக்கும்போதே, சொன்னதைச் செய்யும் பழக்கம் வரவேண்டும் என்பதற்காகவே பேரனைச் சிகரெட் எடுத்துவர அனுப்புகிறார். இரும்புக் கதவு வியாபாரி நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொள்கிறார். தச்சர் ஒருவர்தான் வீட்டை விட்டு இறங்கிக் கூடவே நடக்கிறார். அவரும் மகானல்ல. தன் கதவுகளைக் காட்ட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவதும் தப்பான வீட்டு வாசலில்தான். அகமது அதைக் கண்டுகொள்கிறான். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, காரியம் முடிந்தவன்போலக் கிழவரிடம் திரும்பி வருகிறான். நாள் முழுக்க யாரும் மதிக்காத ஒரு குழந்தை, ஒரு முதியவரின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில் பின்னணி இசை கிடையாது, அழும் முகம் கிடையாது. குழந்தைகளைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இதற்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

இன்னொரு ஈரானிய இயக்குநரான மஜீத் மஜீதியின் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் அண்ணனும் தங்கையும் சந்தில் ஓடிவந்து ஷூவை மாற்றிக்கொள்ளும் காட்சிகள் எனக்கும் பிரியமானவையே. ஆனால் அந்த ஓட்டப்பந்தயம் வரும்போது, எங்கே கலங்கவேண்டும் என்று படமே என் தோளைத் தட்டிச் சொல்லிவிடுகிறது. அது இந்தியில் ‘பம் பம் போலே’யாகவும் தமிழில் ‘அக்கா குருவி’யாகவும் வரமுடிந்தது. தச்சரின் நடையை அப்படி மறுபடி எடுக்க யாராலும் முடியாது.

1990 ஜூனில் வடக்கு ஈரானில் வந்த நிலநடுக்கத்தில் 30,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். படம் எடுத்த கோக்கர் கிராமமும் இடிந்தது. நடித்த பையன்கள் இருக்கிறார்களா என்று தேடிப்போகும் ஒரு இயக்குநரின் கதையாக ‘வாழ்க்கை தொடர்கிறது’ (1992) வந்தது. அதில் நம் தச்சர் மறுபடி வருகிறார். இப்போது அவர் பெயர் திரு. ருஹி. கழிவறைப் பீங்கானைச் சுமந்துகொண்டு சாலையில் நடந்துவருகிறார். செத்தவர்கள் செத்தார்கள், இருப்பவர்களுக்கு இது வேண்டுமே! முதுகில் கூனும் இல்லை. அந்தப் படத்துக்காக எனக்குக் கூன் வைத்தார்கள், இருப்பதைவிடக் கிழவனாகவும் அவலட்சணமாகவும் காட்டினார்கள், அது என்ன கலை என்று குறைப்படுகிறார். தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இந்தப் பேச்சைக் கியரோஸ்தமி வெட்டாமல் வைத்ததுதான் அவருடைய பெருமை. தன் வீடு என்று படத்தில் காட்டுவதுகூடத் தன்னுடையதல்ல என்கிறார் ருஹி. ‘ஆலிவ் மரங்களினூடே’ (1994) இதே கேள்வியைப் படப்பிடிப்புத் தளத்துக்கே இழுத்துச் செல்கிறது.

இந்தப் படங்களையெல்லாம் நாங்கள் ஃபிலிம் சொசைட்டி திரையிடல்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் டீக்கடையில் வாக்குவாதம். தச்சர் வந்ததும் படம் இழுக்கிறது என்று ஒரு நண்பர் அடித்துப் பேசுவார். இழுக்கத்தான் வேண்டும், பையனின் தவிப்பு நமக்கும் ஏறவேண்டாமா என்று நான் மல்லுக்கு நிற்பேன். இன்று அந்தச் சண்டைக்கே வழியில்லை. கைபேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த வேகத்தில் கதை தெரிந்துவிடும், ருஹி தெரியமாட்டார்.

அதைவிட வருத்தம், துயரத்தைப் படமெடுக்க வருபவர்களைப் பற்றியது. அகதி முகாம், குழந்தைத் தொழிலாளி, வெள்ளம் என்று எதை எடுத்தாலும் ஈரமான கண்களின் நெருக்கக் காட்சி, அடியில் ஒரு வயலின். பார்ப்பவருக்கு இரக்கம் வரவேண்டும் என்பதற்காக, ஏழையை இருப்பதைவிட ஏழையாக்கிக் காட்டுகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வைப்பது ருஹியின் முதுகில் வைத்த அதே கூன்தான். அவரோ அதைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வேண்டிய சாமானைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தவர். மனிதாபிமானப் படம் என்று பெயர் வாங்க விரும்பும் எந்தப் படத்துக்கும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: படத்தில் வருகிறவர் அதை உட்கார்ந்து பார்த்தால், அது தன்னைச் சிறுமைப்படுத்தவில்லை என்று அவர் சொல்லவேண்டும். விருதுகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.