கூத்தர் செல்லும் ஆறு: மலைபடுகடாம் நோக்கில் மாலைநேரப் படகு விருந்து

ஆய்வுச்சுருக்கம்

ஆற்றில் மாலைநேரப் படகு, அதில் விருந்து, விருந்தினர் காண நாட்டார் கலை நிகழ்ச்சி என அமையும் சுற்றுலா வடிவத்தை, கூத்தராற்றுப்படையாகிய மலைபடுகடாத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பயணம் செய்பவர் யார், உண்பவர் யார், இசைக்கும் இடத்திற்கும் உள்ள உறவு யாது என்னும் மூன்று வினாக்கள் ஒப்பீட்டின் அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், செய்யாறு, கலசப்பாக்கம், தெக்னி, தெருக்கூத்து, சுற்றுலா

முன்னுரை

கலசப்பாக்கத்தில் நின்றுகொண்டு ஆற்றுப் படகில் மாலை விருந்து என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். சவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியாக இவ்வூருக்கு வரும் செய்யாறு, மழைக்காலத்தைத் தவிர்த்தால் பெரும்பாலும் மணற்பரப்பாகவே கிடக்கிறது. படகு வேண்டுவோர் மலையேறி ஜமுனாமரத்தூர்க் கோமுட்டேரிக்குத்தான் செல்ல வேண்டும். ஆயினும் ஆறு, விருந்து, கூத்து ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துப் பேசும் பழந்தமிழ்ப் பாட்டு ஒன்று இந்த ஆற்றங்கரையைப் பற்றியது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. அதில் வரும் நவிரமலை கலசப்பாக்கம் வட்டத்திலுள்ள பருவதமலை என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற முடிவு.

நாட்டார் கலைகள் சுற்றுலாவோடு இணைந்தால்தான் பிழைக்கும் என்பது இன்று ஏறத்தாழ விவாதமின்றி ஏற்கப்படும் கருத்தாகிவிட்டது. கோவாவின் பணஜியிலிருந்து மண்டோவி ஆற்றில் செல்லும் மாலைப் படகுகள் இதற்கு நல்ல முன்மாதிரியாகச் சுட்டப்படுகின்றன. முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மிதவை உணவகமும் இப்போது வந்துவிட்டது. அதன் தளத்தில் கரகமும் காவடியும் ஏறவேண்டும் என்று எவரேனும் கேட்டால் அதை மறுக்க நம்மிடம் ஆயத்தமான விடை எதுவும் இல்லை. மறுக்கத்தான் வேண்டுமா என்பதும் தெளிவில்லை. கலை பிழைக்கிறதா என்று கேட்பதற்கு முன்னர், அந்தப் படகில் கலைஞர் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார் என்று கேட்பது பயனுடையது. அதற்கு மலைபடுகடாம் ஓர் அளவுகோலைத் தருகிறது.

விருந்தினராகிய கூத்தர்

பரிசில் பெற்று மீளும் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் வழியில் எதிர்ப்படும் வறியோர்க்குத் தாம் பெற்ற வளத்தைச் சொல்லி, அவரும் சென்று பெறுமாறு வழிப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படையின் இலக்கணமாகக் கூறுகிறது. ஆறு என்பது இங்கு வழி. அது நீரோடும் ஆற்றையும் குறிக்கும் சொல்லாக இருப்பது, செய்யாற்றுக் கரையையே வழியாகக் கொண்ட இப்பாட்டில் கூடுதல் பொருத்தம் பெறுகிறது. ஆற்றின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டே நன்னனது மூதூரை நோக்கிச் செல்லுமாறு கூத்தன் அறிவுறுத்துகிறான்.

பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய இப்பாட்டு 583 அடிகளால் ஆனது. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகள் ஐந்தனுள் இதுவே நீளமானது. இந்த நீளத்தின் பெரும்பகுதி நன்னனைப் பற்றியதன்று, வழியைப் பற்றியது. வழியைப் பற்றிய பகுதியிலும் உணவு திரும்பத் திரும்ப வருகிறது. மலைச் சிற்றூரில் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும், மூங்கிற் குழாயில் விளைந்த தேறலும் கிடைக்கும். இடையர் குடியிருப்பில் இரவு தங்கினால் பாலும் மிதவையும் கிடைக்கும். மருதநிலத்திற்கு வந்தால் வாளையும் வராலும் சோறும் கிடைக்கும். (மிதவை என்பது இங்குக் கூழ் அல்லது குழைந்த சோறு. மிதவை உணவகம் என்னும் இன்றைய தொடரைப் பார்க்கும்போது, உண்ணும் பொருளின் பெயர் உண்ணும் கலத்தின் பெயரோடு ஒன்றாகிவிட்டதை எண்ணிப் புன்னகைக்காமல் இருக்க இயலவில்லை.)

இவ்வுணவை அளிப்பவர் அரசன் அல்லர். அவன் நாட்டுக் குடிகள். கூத்தர் ஆடிக் காட்டிய பின் கிடைக்கும் கூலியாகவும் அது சொல்லப்படவில்லை. வருவோர் கூத்தர் என்பதே போதுமானதாக இருக்கிறது. அரசனிடம் சென்றபின்னும், பல நாள் தங்கினாலும் முதல் நாள் காட்டிய அதே விருப்பத்தோடு அவன் ஊட்டுவான் என்று கூறப்படுகிறது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்ற பொருள் உண்டு. பல நாளாகியும் அப்புதுமை குன்றாதிருப்பதையே பாட்டு அரசனின் பெருமையாகக் காட்டுகிறது. இறுதியில் தலைவன் பொற்றாமரை சூட, விறலியர் நகை அணிய, கூத்தர் விடைபெறுகின்றனர்.

ஆக, மலைபடுகடாத்தில் பயணம் செய்பவரும் கூத்தர்; உண்பவரும் கூத்தர். காண்போரும் ஊட்டுவோரும் தத்தம் இடத்தில் இருக்கின்றனர். ஆடலைத் தேடிக் காண்போர் செல்வதில்லை, ஆடலே அவர் வாயிலுக்கு வருகிறது. வரும் வழியெல்லாம் அதற்குச் சோறு காத்திருக்கிறது.

மலையின் ஓசையும் இசைக்கக் கூடாத இடமும்

மலையை யானையாக உவமித்து, அதன்கண் எழும் ஓசையைக் கடாமாகக் கொண்டதால் இப்பெயர் அமைந்தது என்பது நச்சினார்க்கினியர் தரும் விளக்கத்தின் சாரம். பாட்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஐம்பது அடிகள் மலையோசைகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. அருவி ஒலி, புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் துயர் தணியக் கொடிச்சியர் பாடும் பாடல், யானையைப் பழக்கும் பாகரின் கலவைமொழி, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு ஆகியன அவற்றுள் சில. தொடக்கத்தில் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனக் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளைப் பட்டியலிட்ட புலவர், பின்னர் அக்கருவிகளை மௌனமாக்கி, மலையைக் கேட்கச் செய்கிறார். இசைவாணர் முதலில் கேட்போராகிறார்கள்.

இதினும் கூர்மையான ஓரிடம் உண்டு. கடவுள் உறையும் பகுதியைக் கடக்கும்போது தொழுதுவிட்டுச் செல்லுங்கள், உங்கள் இசைக்கருவிகளை வீணே தொடாதீர்கள், தொட்டால் மழை பொழியும் என்று கூத்தன் எச்சரிக்கிறான். இதை நம்பிக்கை என்று மட்டும் கொண்டு கடந்துவிடலாம். ஆனால் திறனாய்வு நோக்கில் இது ஒரு கலைக்கோட்பாட்டையும் சுட்டுகிறது: எந்த இடத்தில் வாசிக்கலாகாது என்று அறிந்திருப்பதும் கலைஞரின் புலமை. இசை இடத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அது ஓரிடத்தில் தடுக்கப்படுகிறது. எங்கு வேண்டுமானாலும் நிகழ்த்தப்படக்கூடிய இசைக்கு இத்தடை தேவைப்படாது.

மண்டோவிப் படகும் தெக்னியும்

பணஜியின் மாலைப் படகு கதிரவன் மறையும் வேளையில் புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆற்றில் சென்று, புறப்பட்ட துறைக்கே திரும்புகிறது. விருந்துப் படகாயின் நேரம் நீளும். மேல்தளத்தில் சிறிய மேடை, ஒலிபெருக்கி, நிகழ்ச்சித் தொகுப்பாளர். கொங்கணி தெக்னி, ஃபுக்டி, போர்த்துகீசிய வழி வந்த கொரிதின்யோ ஆகிய ஆடல்கள் சில நிமிடங்கள் வீதம் நிகழ்கின்றன. இடையிடையே சிறுவர், இணையர் என்று பயணிகளையே மேடைக்கு அழைத்து ஆடச் செய்வதும் உண்டு. கரை இருட்டில் நகர்கிறது. பெரும்பாலோர் கண் மேடைமீது இருக்கிறது. இங்குப் பயணம் செய்பவர் காண்போர், உண்பவரும் காண்போர். ஆடுவோர் உணவோடு சேர்த்துப் பரிமாறப்படுகின்றனர். அவர்கள் எங்கே, எப்போது உண்கின்றனர் என்பது நிகழ்வின் பகுதியன்று.

தெக்னி என்றவுடன் நினைவுக்கு வரும் பாடல் ஒன்று உண்டு. 1973-இல் வெளிவந்த ‘பாபி’ என்னும் இந்தித் திரைப்படம் அதன் மெட்டை நாடறியச் செய்தது. அதன் பொருளைச் சற்று நின்று நோக்குவோம். ஆடல்மகள் ஒருத்தி அக்கரையில் நடக்கும் திருமணத்திற்குச் செல்லவேண்டும். ஆற்றங்கரையில் ஓடக்காரனைக் கண்டு, தனக்கு வழி தெரியாது, வழி காட்டுமாறு வேண்டுகிறாள். ஓடக்கூலியாகத் தான் அணிந்துள்ள நகைகளைக் கழற்றித் தர முன்வருகிறாள். அவன் இசையவில்லை.

தமிழிலக்கியம் கற்றவருக்கு இச்சூழல் உடனே அடையாளம் தெரியும். பயணம் செய்யும் ஆடல்மகள், குறுக்கிடும் ஆறு, அறியாத வழி, வழி சொல்லக்கூடிய எதிர்ப்படுவோன் என ஆற்றுப்படையின் உறுப்புகள் பல இங்கு உள்ளன. ஆனால் எல்லாம் தலைகீழாக இருக்கின்றன. எதிர்ப்படுவோன் அவளைப் போன்ற கலைஞன் அல்லன், ஆகவே ஆற்றுப்படுத்துவதில்லை. நன்னனிடம் சென்ற விறலி நகை பெற்றாள். இவள் வழிக்காக நகையை இழக்கத் துணிகிறாள். கொங்கணி மரபு அறிந்து இதை எழுதியதா என்பது நம் வினா அன்று. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு காட்டுவதும் நம் நோக்கமன்று. கலைஞர் வழிச்செல்வோராக இருந்த சமூகங்களில் இத்தகைய சூழல் தனித்தனியே பாடலாகியிருக்கலாம்.

ஆனால் இப்பாடலை மாலைப் படகில் ஆடும்போது நிகழ்வது கவனத்திற்குரியது. ஆற்றைக் கடக்க வேண்டி ஓடக்காரனிடம் மன்றாடும் பெண்ணின் வேடம், ஆற்றின் நடுவே, படகிலேயே ஆடப்படுகிறது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது போலத் தோன்றும். எனினும் அப்படகு அக்கரைக்குச் செல்வதில்லை. ஏறிய துறைக்கே அவளை மீட்டுக்கொண்டு வருகிறது. அடுத்த படகில் அவள் மீண்டும் வழி கேட்கிறாள். இதைக் கண்டு உண்போருக்குப் பாடலின் மொழி தெரியாவிட்டால் எஞ்சுவது சேலையின் அசைவும் தாளமும் மட்டுமே. நிகழ்த்துகலை சிதைவது அது சுருக்கப்படுவதால் மட்டுமன்று. அது சொல்வதற்கும் அது நிகழும் சூழலுக்கும் இடையிலுள்ள முரண் எவர் கண்ணிலும் படாமல் போவதாலும்தான்.

மறுப்புகள்

இவ்வொப்பீட்டிற்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஆற்றுப்படை புரவலனைப் போற்றும் இலக்கியம். கூத்தரின் உண்மையான பசியும் ஏமாற்றமும் அதில் எவ்வளவு பதிவாகியுள்ளன என்று கேட்கலாம். பாடியவர் கூத்தர் அல்லர், கூத்தரின் குரலை மேற்கொண்ட புலவர். பரிசிலுக்காகப் புரவலன் விரும்பியதைப் பாடுவதற்கும், நுழைவுச்சீட்டு வாங்கியவர் விரும்புவதை ஆடுவதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? மேலும், மாலைப் படகு ஒவ்வொரு நாளும் வருமானம் தரும். வேலை முடிந்து அன்றிரவே வீடு திரும்பலாம். மலையேறிப் பன்றிப்பொறியும் பாம்பும் வழுக்குப்பாறையும் தாண்டிச் செல்ல வேண்டிய வாழ்வைக் கற்றோர் வியப்பது எளிது, வாழ்வது எளிதன்று. இம்மறுப்புகளை நான் பெரிதும் ஏற்கிறேன். கலைஞர் ஒருவர் படகில் ஆடத் தேர்ந்தால் அதைப் பழிக்க ஆய்வாளருக்கு உரிமையில்லை.

ஏற்க இயலாதது, படகில் ஆடுவதே கலையைக் காப்பது என்னும் அடுத்த அடி. திருவண்ணாமலை மாவட்டத்தின் தெருக்கூத்தை எடுத்துக்கொள்வோம். திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக நாள்கள் செல்கின்றன. இரவு தொடங்கும் கூத்து விடியும்வரை நீள்கிறது. ஊரார் தாம்பூலம் கொடுத்துக் குழுவை அழைக்கின்றனர். ஊர் சோறு போடுகிறது. நடுவே அன்பளிப்பு தருவோர் பெயரைக் கட்டியக்காரன் அவையறியச் சொல்கிறான். இங்கு ஊட்டுவோர், காண்போர், வேண்டுதல் நிறைவேற்றுவோர் எல்லாரும் ஒரே மக்கள். மலைபடுகடாத்தின் உறவு அப்படியே தொடர்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கலைஞர் வந்துசேர்பவராகவும் ஊர் ஏற்பதாகவும் இருக்கும் அமைப்பு இன்னும் அங்கு உண்டு. துகிலுரிதலைப் பத்து நிமிடமாக்கினால் வேடமும் அடவும் எஞ்சலாம், அந்த இரவு எஞ்சாது.

இதைக் கலை மாறக் கூடாது என்னும் வாதமாகக் கொள்ளலாகாது. செய்யாறு வட்டத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் மரபினர் கபிரியேல் கார்சியா மார்க்வெஸின் சிறுகதையைத் தெருக்கூத்தாக்கி ஆடினர். பொருளும் நீளமும் மேடையும் மாறின. எதை மாற்றுவது என்று முடிவுசெய்தவர்கள் கூத்தர்கள். படகில் நேரத்தை முடிவுசெய்வது விருந்தின் வரிசைமுறை.

கரையும் படகும்

படகில் இசை என்பது தமிழர்க்குப் புதிதன்று. தெப்பத் திருவிழாவில் இரவில் விளக்கொளியோடும் நாகசுரத்தோடும் தெப்பம் சுற்றிவருகிறது. மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மக்கள் கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கின்றனர். அங்கே படகில் இருப்பது தெய்வமும் இசையும், கரையில் இருப்பது ஊர். கரையில் நிற்கக் கட்டணமில்லை. விருந்துப் படகு இவ்வமைப்பைப் புரட்டிக் காண்போரைப் படகில் ஏற்றுகிறது, கரையைக் காட்சியாக்குகிறது. கரையில் வாழ்வோருக்கு அந்நிகழ்ச்சியில் இடமில்லை. தொலைவில் கேட்கும் ஒலிபெருக்கியாக அது அவர்களைக் கடந்து செல்கிறது.

கலசப்பாக்கத்துச் செய்யாற்றில் ரதசப்தமி நாளில் தீர்த்தவாரி நடைபெறுகிறது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் வழியூர்களைக் கடந்து இங்கு வருகிறார். இவ்வூர்த் திருமாமுடீசுவரர் எதிர்கொண்டு சந்திக்கிறார். வருபவருக்கும் எதிர்கொள்பவருக்கும் இடையிலான பழைய ஒழுங்கு இன்னும் அங்கே காணக் கிடைக்கிறது. நீர் இல்லாத ஆண்டிலும் ஆற்றுக்குள்தான் மக்கள் கூடுகின்றனர். நாட்டார் வழக்காற்றியல் களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் இத்தகைய விழாக்களில் ஆடலையும் பாடலையும் பதிவுசெய்து திரும்புகின்றனர். நிகழ்த்தியவர்க்கு அன்றிரவு சோறிட்டவர் யார், எந்த வீட்டில், யாரோடு அமர்ந்து உண்டனர் என்பன வினாநிரலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பெருங்கௌசிகனார் அவற்றை ஊர்தோறும் குறித்துச் சென்றிருக்கிறார்.

நன்னனைப் போற்றும் பகுதியில், புகழின்றித் தம் பெயரோடு மாய்ந்த அரசர்கள் செய்யாற்று மணலினும் பலர் என்று பாட்டு கூறுகிறது. எண்ணிலடங்காமைக்கு அன்று அம்மணல் அளவாக இருந்தது. இன்று லாரிகளில் அள்ளப்பட்டுப் பல இடங்களில் களிமண் தெரியும் அந்தப் படுகையில் நின்று இவ்வுவமையை வகுப்பில் விளக்கும்போது, மாணவர் எவரேனும் அடுத்த வினாவைக் கேட்கக்கூடும்.