பாட்டி வழி உரிமை: செரோக்கி வமிசக் கதையும் ஒரு நூலும்

அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி எம்மிற் பலர் முதன்முதலாக அறிந்தது ஏங்கல்ஸ் வாயிலாகவே. மோர்கன் 1877இல் வெளியிட்ட ஆய்வினை ஆதாரமாகக் கொண்டு, இறொக்குவா மக்களின் தாய்வழிக் குலமுறையை அவர் 1884இல் விளக்கினார். அம்மக்களோடு மொழியுறவுடைய செரோக்கியரும் தாய்வழிக் குலத்தவரே. குலங்கள் ஏழு, தாயின் குலமே பிள்ளையின் குலம். ஐரோப்பிய முடியாட்சி போன்றதோர் அரசகுலம் அங்கிருந்ததில்லை. எனவே இளவரசிகளும் இருந்ததில்லை. இச்சிறு உண்மையை மனத்திருத்தியே நாம் எடுத்துக்கொண்ட பொருளை அணுகுதல் வேண்டும்.

ஏனெனில், ஐக்கிய அமெரிக்காவின், சிறப்பாக அதன் தென்மாநிலங்களின், எண்ணற்ற குடும்பங்களில் ஒரு கதை வழங்கி வருகின்றது: தம் பூட்டி ஒருத்தி செரோக்கி இளவரசி என்பதே அக்கதை. 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம்மைச் செரோக்கியர் எனப் பதிந்தனர். அரச அங்கீகாரம் பெற்ற மூன்று செரோக்கிச் சமூகங்களிலும் அன்று அங்கத்துவம் பெற்றிருந்தோர் அத்தொகையிற் பாதிக்கும் குறைவு. இவ்வாறு உரிமை கோருவோர் ஏறத்தாழ எல்லோரும் பாட்டி வழியையே கூறுவர், பாட்டன் வழியைக் கூறார் என வைன் டெலோறியா 1969இலேயே எள்ளலோடு எழுதினார். பாட்டன் எனின் போர்வீரன் நினைவுக்கு வருவான். அவன் நிலத்தைத் திருப்பிக் கேட்பான். பாட்டியோ மணமகளாக வந்தவள். நிலத்தைச் சீதனமாகத் தந்து மறைந்தவள். கதை பாட்டியைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று.

இதனைப் பொய்ப் பிரக்ஞை என்று ஒரு சொல்லாற் கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. நாம் அதனை விரும்பவில்லை. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் இடம்பெயர்ந்து, தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பதையே மறந்துபோன ஏழைக் குடும்பங்கள், காலடியிலுள்ள மண்ணோடு ஓர் உறவைத் தேடுவதிலே உண்மையான வேட்கை உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரரல்லர். கேட்ட கதையை நம்பியவர்கள். வேட்கை உண்மையாயிருக்க, அதன் வடிவம் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதே எமது வினா.

இவ்வினாவுக்கு ‘லிட்டில் ட்றீயின் கல்வி’ என்ற நூல் நல்ல சான்று. 1976இல் வெளிவந்த இந்நூல், செரோக்கி அநாதைச் சிறுவன் ஒருவனின் தன்வரலாறாக அறிமுகமாயிற்று. ஆசிரியர் பெயர் பொறஸ்ட் கார்ட்டர். உண்மையில் அவர் அலபாமாவின் ஏசா கார்ட்டர். கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தவர். இன ஒதுக்கலை என்றென்றும் காப்போம் என ஆளுநர் வொலஸ் 1963இல் முழங்கிய உரையை எழுதியவர். இரு கார்ட்டரும் ஒருவரே என நியூயோர்க் ரைம்ஸ் 1976இலேயே எழுதியும் நூலின் செல்வாக்குக் குன்றவில்லை. ஆசிரியர் 1979இல் இறந்தார். 1986இல் மறுபதிப்புக் கண்ட நூல் 1991இல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. உண்மை மீண்டும் அம்பலமானதும் அதனைப் புனைகதைப் பட்டியலுக்கு மாற்றினர்.

ஆசிரியர் தீயவர், ஆதலால் நூலும் தீயது என்பது எமது வாதமன்று. அது விமரிசனமும் ஆகாது. நூலைப் பார்ப்போம். ஐந்து வயதுச் சிறுவன் ரெனசி மலைகளிலே பாட்டனிடமும் பாட்டியிடமும் வளர்கிறான். பாட்டன் சாராயம் வடிக்கிறார். பாட்டி ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டுகிறாள். சில பகுதிகள் நெஞ்சை உருக்குவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இம்மலையிலே செரோக்கியர் சிலர் உளரேயன்றிச் செரோக்கிச் சமூகம் இல்லை. குலமில்லை, சபையில்லை, நிலவழக்கில்லை. அதே மலைத்தொடரில், வட கரோலினாவிலே, கிழக்குச் செரோக்கியர் தம் பொதுநிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அக்கூட்டு வாழ்வுக்கு நூலில் இடமில்லை. இறுதியில் வில்லோ ஜோன், பாட்டன், பாட்டி மூவரும் அடுத்தடுத்து இறக்கின்றனர். வாசகன் அழுகிறான், அழுது முடிந்ததும் வாரிசாகிறான்.

நூலின் நிரந்தரப் பகைவன் அரசாங்கம். 1830இன் வெளியேற்றச் சட்டத்தின் விளைவாக 1838-39இல் ஏறத்தாழ 16,000 செரோக்கியர் மேற்கே துரத்தப்பட்டனர். சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பர். அத்துயரை நூல் உருக்கமாகவே பேசுகின்றது. ஆனால் 1832இல் ஜோர்ஜியா நடத்திய சீட்டிழுப்பிலே செரோக்கி நிலத்தைப் பெற்ற குடியானவன் அங்கு பாத்திரமாவதில்லை. பூட்டிக் கதை சொல்லும் குடும்பங்கள் சிலவற்றின் உண்மையான பூட்டன் அவனாகவே இருத்தல் கூடும். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கும் துரத்தப்பட்ட செரோக்கியும் ஒரே மத்திய அரசால் வஞ்சிக்கப்பட்ட சகோதரர் என்பதே கார்ட்டரின் உட்கருத்து. செரோக்கியரான ஸ்ராண்ட் வாற்றி 1865இல் கடைசியாகச் சரணடைந்த தென்தரப்புத் தளபதி. கார்ட்டரின் முந்திய நாவலில் வரும் செரோக்கியின் பெயரும் வாற்றி என்பது கவனிக்கத்தக்கது. அடிமை உடைமையாளரின் தோல்வி இவ்வாறு பழங்குடியின் கண்ணீராற் கழுவப்படுகின்றது.

நூல் வெளிவந்த அதே 1976இலே ஒக்லஹோமாவின் செரோக்கியர் தமக்கெனப் புதிய அரசியலமைப்பொன்றை வாக்களித்து ஏற்றனர். செத்தவராகச் சித்திரிக்கப்பட்டோர் வாக்குச் சாவடியில் நின்றனர்.

இனி, ‘இரத்தம்’ என்ற சொல். குடும்பக் கதைகளில் அது தொன்மையானதாக ஒலிக்கின்றது. ஆயின் செரோக்கியர் ஒவ்வொருவரின் இரத்த அளவையும் பின்னமாக எழுதிவைத்தது, பொதுநிலத்தைத் தனியுடைமையாகப் பங்கிட 1898 முதல் தயாரிக்கப்பட்ட டோஸ் பதிவேடே. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அரைவாசிக்குக் குறைந்த ‘இரத்தம்’ உடையோரின் நிலத்தை விற்பதற்கிருந்த தடையை நீக்கிற்று. இரத்தத்தின் பின்னம் நிலச் சந்தையின் அளவுகோலாயிற்று. கிழக்குச் செரோக்கியருக்கான நட்டஈட்டைப் பங்கிட முற்பட்டபோதும் 45,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அவை சுட்டிய ஏறத்தாழ 90,000 பேரில் தகுதியுடையோராகக் காணப்பட்டோர் சுமார் 30,000 பேரே. எல்லோரும் பணத்துக்காகவே விண்ணப்பித்தனர் என்று சொல்லமாட்டோம். ஆனால் சொத்துப் பங்கீட்டின் வடிவிலேயே உறவு கற்பிக்கப்பட்டது.

2018இல் செனற்றர் எலிசபெத் வொரன் தமது மரபணுப் பரிசோதனை முடிவை வெளியிட்டபோது, பிரசாவுரிமையை அது தீர்மானிக்காது எனச் செரோக்கி நேஷன் மறுமொழி கூறிற்று. அடுத்த ஆண்டு அவர் மன்னிப்புக் கோரினார். மறுமொழி சரியானதே. எனினும் அதனைக் கூறிய அரசே அப்போதும் தன் கணக்கொன்றைத் தீர்த்து முடிக்கவில்லை. செரோக்கியர் சிலர் கறுப்பு அடிமைகளை வைத்திருந்தனர். அக்கண்ணீர்ப் பாதையில் அடிமைகளும் நடந்தனர். 1866ஆம் ஆண்டு உடன்படிக்கை விடுதலையான அடிமைகளுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் முழு உரிமை அளித்தது. டோஸ் பதிவேடோ அவர்களை ‘இரத்த வழியினர்’ அல்லாத தனிப் பட்டியலில் இட்டது. அப்பட்டியலைக் காட்டியே 2007இல் வாக்கெடுப்பின் மூலம் அவர்களின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. பாட்டியின் பெயர் பதிவேட்டில் இருந்தும் அவர்கள் வெளியே நின்றனர். பெயரே அறியாப் பாட்டியைக் கொண்டு பிறர் உள்ளே வர முயன்றனர். 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களின் உரிமையை உறுதிசெய்தது. 2021இல் செரோக்கி உயர் நீதிமன்றம் அரசியலமைப்பிலிருந்து ‘இரத்த வழி’ என்ற சொற்களையே நீக்குமாறு தீர்ப்பளித்தது.