விரலுக்கு மட்டும் தெரியும் நெருடல்

ரிமோட் ஹெலிகாப்டர் தலைகீழாகப் புரண்டு, புல் நுனியைத் தொட்டுவிடும் உயரத்தில் நின்று, அடுத்த நொடி வானத்துக்குப் பாய்வதைப் பார்த்து வாய்பிளக்காதவர் இல்லை. அந்த வித்தையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கலையின் உச்சம் ஆகாயத்தில் இல்லை, பட்டறை மேசையில் இருக்கிறது என்பது என் கட்சி. சுழலும் பிளேடுகள் வந்து சேரும் ரோட்டார் ஹெட்டைப் பிரித்து, துடைத்து, தடவிப் பார்த்து, மறுபடி கோக்கிற அந்த அரைமணி வேலையில்தான் தேர்ந்த கையும் சாதாரணக் கையும் பிரிந்து தெரிகின்றன. பறப்பதில் பெரும்பங்கை இன்று கைரோ என்கிற, உடலை நிலைநிறுத்தும் மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது. ஹெட்டின் நலத்தை விரல்தான் பார்த்தாக வேண்டும். கைரோ வந்த பிறகு விரலின் பொறுப்பு கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

அந்த ஹெட் தாங்குவது என்ன என்பதை முதலில் பார்க்கலாம். 700 அளவு ஹெலிகாப்டரின் பிளேடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 செ.மீ. நீளம், 200 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. நிமிடத்துக்கு 2000 சுற்று சுழலும்போது அதன் நுனி மணிக்கு 600 கி.மீ. வேகத்தை நெருங்குகிறது. கணக்குப் போட்டால், ஒவ்வொரு பிளேடும் சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவது ஸ்பிண்டில் என்கிற ஒரே எஃகுத் தண்டு. அது சுண்டுவிரலைவிட மெலிந்தது. அந்த இழுப்பில் இருந்துகொண்டே, ஹெலிகாப்டர் சாய்ந்து பறக்கையில் பிளேடு நொடிக்கு 33 தடவை தன் கோணத்தை ஏற்றி இறக்கவும் வேண்டும். இறுகப் பிடிக்கவும் வேண்டும், இலேசாகத் திரும்பவும் வேண்டும். இந்த முரணைத் தீர்த்து வைப்பது பிளேடு கிரிப்புக்குள் உட்கார்ந்திருக்கும் திரஸ்ட் பேரிங். இரண்டு தட்டை வளையங்கள், நடுவே குண்டுகள், அவ்வளவுதான். இரு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றின் துளை மட்டும் மயிரிழை பெரிது. பெரிய துளைக்காரன் ஹெட்டின் பக்கம், சிறிய துளைக்காரன் வெளிப்பக்கம் போல்ட்டை ஒட்டி. மாற்றிக் கோத்தாலும் மேசைமேல் கிரிப் வழுக்கிக்கொண்டு திரும்பும். சுமை ஏறியதும்தான் பிடிக்கும். கண்ணை நம்பினால் இங்கே ஏமாந்து போவோம். ஸ்பிண்டிலில் நுழைத்துப் பார்த்து, எது சற்றுத் தளர்வாக நழுவுகிறது என்று விரலால் அறிவதே வழி.

தேய்வையும் விரல்தான் முதலில் காண்கிறது. கிரிப்பின் கோணத்தை மாற்றும் லிங்க்கைக் கழற்றிவிட்டு, இரு பிளேடுகளையும் எதிரெதிர்த் திசையில் நன்றாக இழுத்துப் பிடித்தபடி கிரிப்பை மெல்லத் திருப்ப வேண்டும். சும்மா திருப்பினால் கெட்டுப்போன பேரிங்கும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். இழுப்பில்தான் மணல் நெருடுவதுபோல ஒரு சொரசொரப்பு விரலுக்கு எட்டும். அது எட்டிய பிறகு கிரீஸ் தடவி ஒப்பேற்றக் கூடாது. குண்டு ஓடும் தடம் குழிந்துவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டியதுதான்.

ஹெட்டில் எனக்கு மிகப் பிடித்தது டேம்பர் என்கிற ரப்பர் வளையம். முன்னேறிச் செல்லும் பக்கத்துப் பிளேடு அதிகத் தூக்குவிசை பெறுவதும் மறுபக்கத்துப் பிளேடு குறைவாகப் பெறுவதும் சுழல்இறக்கையின் பிறவிச் சிக்கல். பிளேடு மேலும் கீழும் அசைய ஒரு கீல் வைத்து, 1923இல் ஸ்பெயினில் தன் ஆட்டோஜைரோவைப் பறக்கவைத்தார் ஹுவான் தெ லா சியெர்வா. மாடல் ஹெலிகாப்டரில் பெரும்பாலும் அந்தக் கீல் இல்லை. ஸ்பிண்டில் சில ரப்பர் வளையங்களில் மிதக்கிறது, அவை கொடுக்கிற சிறு நெகிழ்வே கீலின் வேலையைச் செய்கிறது. எத்தனை சிக்கனமான விடை! கெட்டியான டேம்பர் போட்டால் ஹெலிகாப்டர் ரிமோட் குச்சியின் அசைவுக்கு வெடுக்கென்று பதில் சொல்லும். மெதுவான சுழற்சியில் பறப்பவருக்கு மென்மையானதே இதம். ரப்பர் தளர்ந்துவிட்டால் வேகம் ஏறும்போதே உடல் தள்ளாடும். டேம்பருக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான் ஏற்றது, பெட்ரோலியக் கிரீஸ் பலவகை ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்பிண்டில் போல்ட்டுக்கோ கிரீஸ் ஜென்மப் பகை. எண்ணெய்ப்பசை போக ஆல்கஹாலால் துடைத்தால்தான் மரையில் இடும் நீலப் பசை பிடிக்கும்.

இனி மறுப்புகள். கைரோவே அதிர்வை அளந்து அலைவரிசை வாரியாகப் படம் போட்டுக் காட்டுகிறதே, விரல் எதற்கு என்பார்கள். அந்தப் படம் உதவத்தான் செய்கிறது. கோளாறு ஹெட்டிலா, வாலிலா, மோட்டாரிலா என்று பிரித்துச் சொல்லும். ஆனால் இறுகத் தொடங்கிய திரஸ்ட் பேரிங் அதிர்வதைக் காட்டிலும் எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை, லிங்க்கை இயக்கும் சர்வோ மோட்டார் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்கிறது. 1970 வாக்கில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் மாடல் ஹெலிகாப்டரை நம்பிப் பறக்கக்கூடியதாக ஆக்கிய காலம் தொட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பிளேடுக்குக் குறுக்கே நின்ற ஃப்ளைபார் என்கிற கம்பிதான் நிலைப்பைத் தந்தது. அதில் லிங்க் ஆட்டம் கண்டால் ஹெலிகாப்டர் அலைபாய்ந்து காட்டிக்கொடுக்கும். ஃப்ளைபாரை அகற்றிய இன்றைய ஹெட்டில் அதே ஆட்டத்தைக் கைரோ இடைவிடாமல் திருத்தி மறைக்கிறது. இரு பிளேடு நுனிகளும் வெவ்வேறு தளத்தில் ஓடும் டிராக்கிங் பிசகை அதனால் மறைக்க முடியாது. மற்ற பலவற்றை முடியும். ஓட்டுநருக்குச் சுகம், பராமரிப்பவருக்கு எச்சரிக்கை.

பொம்மைக்கு இத்தனை பாடா என்ற கேள்விக்கு, 2013இல் புரூக்ளின் பூங்கா ஒன்றில் தன் மாடல் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு ஓர் இளைஞர் உயிரிழந்ததே பதில். அங்கே காரணம் எதுவாகவும் இருக்கட்டும். இது பொம்மையின் வேகமல்ல. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும்போது ஹெட்டையே மொத்தமாக மாற்றிவிட்டால் என்ன என்போரும் உண்டு. மாற்றலாம். புதிய ஹெட்டிலும் பிளேடு போல்ட்டை எவ்வளவு முடுக்குவது என்ற கேள்வி காத்திருக்கும். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்கக் கூடாது, இலேசாக உலுக்கினால் விழ வேண்டும் என்பதே வழக்கமான அளவு. அந்த இலேசு எவ்வளவு இலேசு என்பது பிளேடின் எடைக்கும் கிரிப்பின் பிடிக்கும் ஏற்ப மாறும். ஒவ்வொரு தடவை பிளேடு மாட்டும்போதும் அதைக் கைதான் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.