தந்தைப் பட்டம்

முன்னோர்களைக் குறிக்க இங்கிலீஷில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. அகராதிக்காரர்கள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறவைச் சொல்கிறது. ஆன்ஸெஸ்டர் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முன்னே போனவர் என்பது மூலப் பொருள். ஃபோர்பேர், முன்பு இருந்தவர். ப்ரிகர்ஸர், முன்னால் ஓடுபவர். பயனீர் என்பவன், சேனைக்கு முன்னால் மண்வெட்டியோடு போய்ப் பாதை போட்ட பிரெஞ்சுக் காலாள். ப்ரொஜெனிட்டர்தான் பெற்றவர் என்று பச்சையாகச் சொல்கிறது. இவ்வளவு இருந்தும், இலக்கியம் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஃபாதர் என்ற வார்த்தையில்தான் மோகம்.

இதற்குப் பழைய சாட்சி டிரைடன். 1700-ல் வெளியான ஃபேபிள்ஸ் என்ற தம் தொகுதியின் முன்னுரையில், 1400-ல் இறந்த சாஸரை இங்கிலீஷ் கவிதையின் தந்தை என்றார். குடும்பங்களைப் போலக் கவிகளுக்கும் வம்சாவளி உண்டு என்பதும் அதே முன்னுரையில் வருகிறது. ஆனால் டிரைடன் பட்டம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடவில்லை. சாஸரின் கதைகளைத் தம் காலத்து இங்கிலீஷில் திரும்ப எழுதினார். செய்யுளில் ஓசை குறைகிறது என்று தந்தையிடமே குற்றமும் கண்டார். பழைய உச்சரிப்பை அறிந்த பிற்காலத்தார், அந்தக் குற்றம் சாஸருடையதல்ல என்று காட்டினார்கள். அது வேறு விஷயம். படித்தவர் கொடுத்த பட்டம் அது. பின்னால் வந்த பலர் பட்டத்தை எடுத்துக்கொண்டு, படிப்பை விட்டுவிட்டார்கள்.

நாவல் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 1719-ல் 'ராபின்ஸன் குரூஸோ' வந்ததால் டீபோதான் தந்தை என்பார்கள். 1740-ல் 'பமேலா' எழுதிய ரிச்சர்ட்ஸன் என்பார்கள் சிலர். பீல்டிங் என்பார்கள் வேறு சிலர். பீல்டிங் எப்படி ஆரம்பித்தார்? 'பமேலா'வைப் பரிகசித்து, 1741-ல் பெயர் போடாமல் 'ஷாமேலா' எழுதினார். மறு வருஷம் வந்த 'ஜோஸப் ஆண்ட்ரூஸ்', பமேலாவின் சகோதரனைக் கதாநாயகனாக்கிக் கேலியாகத் தொடங்கி, போகப்போகக் கேலியை மறந்து நல்ல நாவலாக வளர்ந்தது. எரிச்சலில் பிறந்த உறவுக்குத் தகப்பன்-மகன் உறவு என்று பெயர் வைத்தால் இருவருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னால், 1688-ல், 'ஒரூனோகோ' எழுதியவர் அஃப்ரா பென் என்ற பெண்மணி, பேனாவால் பிழைத்தவர். தந்தையைத் தேடுகிற கண்ணுக்கு அவர் எப்படிப் படுவார்? எழுதும் பெண்கள் அவருக்குப் பட்டிருக்கும் கடனை, 1929-ல் வர்ஜீனியா வுல்ஃப் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. வார்த்தை தவறினால் ஆளும் தவறிப்போகிறார்.

1951-ல் போர்ஹெஸ், காஃப்காவின் முன்னோடிகளைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். கிரேக்க ஸீனோ, கீர்க்ககார்ட், பிரௌனிங் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்களை அதில் வரிசைப்படுத்துகிறார். காஃப்கா எழுதியிராவிட்டால் அவர்களிடையே உள்ள சாயல் நமக்குத் தெரிந்தேயிராது. எழுத்தாளன் தன் முன்னோடிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான் என்பது அவர் கட்சி. பிள்ளை தகப்பனைப் பெறுவது குடும்பத்தில் நடக்காது, இலக்கியத்தில் நடக்கிறது.

நாமும் இந்தப் பட்டத்தை இங்கிலீஷ் விமரிசனத்திலிருந்து வாங்கிக்கொண்டோம் என்றே தோன்றுகிறது. 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை தமிழ் நாவலின் தந்தை, வ. வே. ஸு. ஐயர் சிறுகதையின் தந்தை. முன்னோடி என்ற அருமையான தமிழ் வார்த்தை கையில் இருக்கும்போது இது எதற்கு? தந்தை என்றதும் கும்பிடத் தோன்றுகிறது. கும்பிட்ட கையால் புஸ்தகத்தைப் பிரிக்க முடிவதில்லை. 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் கதை எங்கே ஓடுகிறது, எங்கே நின்று உபதேசத்துக்கு இடம் விடுகிறது என்று கேட்டால், பெரியவரை நிந்தித்ததாக ஆகிவிடுகிறது.

மண்வெட்டியோடு முன்னே போனவர் என்று சொல்லிப் பாருங்கள். அவர் போட்ட பாதையில் மேடு எது, பள்ளம் எது என்று நடந்து பார்க்கத் தோன்றும். எழுதியவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.