ஹாலிவுட்டுக்குப் பள்ளிச் சுற்றுலா: எதற்காக, யாருக்காக?

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' பார்த்துவிட்டுக் கலிபோர்னியாவின் சான் வான் பவுடிஸ்டா தேவாலயத்துக்குப் போகிறவர்களின் கண் முதலில் தேடுவது படத்தில் வரும் மணிக்கோபுரத்தை. அது அங்கே இல்லை. 1797-இல் நிறுவப்பட்ட அந்தத் தேவாலயத்துக்கு முன்பு இருந்த கோபுரம், ஹிட்ச்காக் படப்பிடிப்புக்கு வருவதற்கு முன்பே இடிக்கப்பட்டிருந்தது. திரையில் நாம் பார்ப்பது ஓவியமாக வரைந்து காட்சிக்குள் சேர்த்த கோபுரம். உள்ளே ஏறும் படிக்கட்டு ஸ்டுடியோவில் கட்டியது. தலை சுற்றும் அந்தப் புகழ்பெற்ற ஷாட்டுக்கு, படிக்கட்டின் சிறிய மாதிரி ஒன்றைத் தரையில் படுக்க வைத்து, கேமராவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே லென்ஸால் முன்னுக்கு நெருங்கினார்கள். சில விநாடிகளே வரும் அந்த ஷாட்டுக்கு 19,000 டாலர் ஆனதாக ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் கணக்குச் சொன்னார்.

பிரிட்டனில் ஏ லெவல் எனப்படும் மேல்நிலைப் பள்ளி வகுப்பில் திரைப்படவியலைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். எடுக்வாஸ் தேர்வு வாரியத்தின் திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு, மாணவர்கள் தாமே செய்யும் படைப்புக்கு 30 விழுக்காடு. 'காசாபிளாங்கா', 'வெர்டிகோ', 'சம் லைக் இட் ஹாட்', 'பிளேட் ரன்னர்' எல்லாம் அந்தத் திட்டத்தில் இடம்பெற்ற படங்கள். இந்தப் பாடத்தைச் சொல்லி மாணவர்களைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துப் போகும் பள்ளிகள் உண்டு. அதையே தொழிலாகச் செய்யும் சுற்றுலா நிறுவனங்களும் உண்டு. "படம் எடுத்த இடத்திலேயே நில்லுங்கள்" என்பதுதான் இந்தப் பயணங்களின் அழைப்பு. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் ஏறத்தாழ 8,750 கிலோமீட்டர், விமானத்தில் 11 மணி நேரம். அவ்வளவு தூரம் போய் அந்த இடத்தில் நின்றால் மாணவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

பாடத்தில் உள்ள படங்களையே எடுத்துக்கொள்வோம். 'காசாபிளாங்கா'வின் மொராக்கோ, பர்பாங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் வளாகத்துக்குள் எழுப்பப்பட்டது. 'சம் லைக் இட் ஹாட்' படத்தில் ஃபுளோரிடாவாக வரும் கடற்கரை விடுதி, சான் டியேகோ அருகே இருக்கும் ஹோட்டல் டெல் கொரனாடோ. 'பிளேட் ரன்னர்' காட்டும் 2019-ஆம் ஆண்டின் மழை நனைந்த தெரு, பர்பாங்க் வளாகத்தின் பழைய நியூயார்க் தெரு. ஆக, படத்தில் பார்த்ததை நேரில் பார்க்கலாம் என்று நம்பிப் போகிறவருக்கு ஏமாற்றம் நிச்சயம். படத்தில் பார்த்தது ஏன் நேரில் இல்லை என்று கேட்கப் போகிறவருக்கோ அள்ளக் குறையாத பாடம் அங்கே இருக்கிறது. பெரும்பாலான பயணத் திட்டங்கள் முதல் வகையினரை நினைத்தே வகுக்கப்படுகின்றன என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

யூனிவர்சல் ஸ்டுடியோவின் வண்டிச் சவாரி அநேகமாக ஒவ்வொரு திட்டத்திலும் உண்டு. 1964-இல் தொடங்கிய சவாரி அது. 'சைக்கோ' வீட்டைக் கடந்து போகும்போது எனக்கும் மனம் துள்ளும், மறுக்கவில்லை. ஆனால் அதே சவாரியில் குளத்திலிருந்து பாய்ந்து வரும் சுறாவைப் பாருங்கள். 'ஜாஸ்' எடுக்கப்பட்டது அமெரிக்காவின் மறுகோடியில், மார்த்தாஸ் வின்யார்ட் தீவில். குளத்துச் சுறா சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்து வைத்தது. திறந்த கடலில் படம் எடுத்ததும், உப்பு நீரில் இயந்திரச் சுறா திரும்பத் திரும்பப் பழுதானதும், அதனால் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலேயே பயமுறுத்தும் வழியைத் தேட நேர்ந்ததும்தான் அந்தப் படத்தின் உண்மையான பாடம். குளத்துச் சுறா அந்தப் பாடத்தையே மறைத்துவிடுகிறது. கேளிக்கைப் பூங்காவைக் கேளிக்கை என்று சொல்லி அழைத்துப் போனால் எனக்கு மறுப்பில்லை; அதைப் பாடக் கணக்கில் எழுதக் கூடாது.

இதற்கு நேர் எதிரிடை பிராட்பரி கட்டடம். 1893-இல் கட்டி முடிக்கப்பட்ட அலுவலகக் கட்டடம். லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில், பிராட்வே தெருவில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் கொட்டுகிறது. இரும்புக் கைப்பிடிகள், திறந்த லிஃப்ட், பளபளக்கும் மரம். சுற்றிப் பார்க்க வருபவர்கள் தரைத்தளத்தையும் படிக்கட்டின் முதல் திருப்பத்தையும் தாண்ட முடியாது. அது போதும். 'பிளேட் ரன்னர்' பார்த்த மாணவருக்கு இந்த வெளிச்சம் அதிர்ச்சி தரும். ரிட்லி ஸ்காட்டும் ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத்தும் இரவில் வந்து குப்பையைக் கொட்டி, தண்ணீரைச் சொட்டவிட்டு, புகை போட்டு, வெளியிலிருந்து ஒளிக்கற்றைகளைப் பாய்ச்சி இதைப் பாழடைந்த கட்டடமாக்கினார்கள். விடிவதற்குள் துடைத்து அலுவலகக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இதே படிக்கட்டு 1950-இன் 'டி.ஓ.ஏ.' படத்திலும், 2009-இன் '(500) டேஸ் ஆஃப் சம்மர்' படத்திலும், 2011-இன் 'தி ஆர்ட்டிஸ்ட்' படத்திலும் வருகிறது. இடம் ஒன்று, படங்கள் நான்கு. கையில் நான்கு படங்களின் நிழற்படங்களோடு அந்தத் தரைத்தளத்தில் ஒரு மணி நேரம் நின்று, கேமரா எங்கே இருந்தது, ஒளி எங்கிருந்து வந்தது, எதை மறைத்தார்கள் என்று தேடும் மாணவர், ஒளிப்பதிவைப் பற்றிப் பல வாரப் பாடத்தில் கற்பதை அங்கே கற்பார். தேர்வுக்காகத் தாமே எடுக்கும் குறும்படத்துக்குப் பள்ளியின் மாடிப்படியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கண் உதவும்.

அங்கே போனால்தான் உறைக்கும் இன்னொன்று தூரம். பெவர்லி, லா சியெனெகா சாலைகள் சந்திக்கும் இடத்தை மையமாக வைத்து 30 மைல் ஆரத்தில் ஒரு வட்டத்தைத் திரைத்தொழிற்சங்க ஒப்பந்தங்கள் வரையறுக்கின்றன. அதற்கு வெளியே படப்பிடிப்பு என்றால் பயணப்படி, தங்கும் செலவு என்று தயாரிப்பாளருக்குச் சுமை கூடும். நகருக்குள்ளேயே இருக்கும் பிரான்சன் கேன்யன் குகை ஏன் இத்தனை படங்களில் வருகிறது என்பதற்கு இது பெரிய விடை. 'தி சர்ச்சர்ஸ்' என்றாலே மான்யுமென்ட் வேலியின் செம்பாறைகள் நினைவுக்கு வரும். ஆனால் ஜான் வெய்ன் தான் தேடிவந்த பெண்ணைக் கைகளில் தூக்கும் உச்சக் காட்சி எடுக்கப்பட்டது இந்தக் குகையின் வாசலில். இடையில் கிடக்கும் பல நூறு மைல்களை ஒரு வெட்டு விழுங்கிவிடுகிறது. படத்தொகுப்பின் ஆற்றலும் தொழிலாளர் ஊதியமும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பாடநூலில் படித்தால் இவ்வளவு உறைக்காது. குகைக்கு நடந்தே போகலாம், கட்டணமும் இல்லை. இருந்தும் பயணத் திட்டங்களில் கைத்தடங்களும் நட்சத்திரப் பதிவுகளும் உள்ள ஹாலிவுட் புலவார்ட் நடைபாதைக்குத்தான் முதலிடம்.

இனி பணம். இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டப்படி, பொதுத்தேர்வுப் பாடத்திட்டத்தின் பகுதியாக அமையும் கல்விக்கு அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் கட்டணம் கேட்கக் கூடாது. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெற்றோரிடம் முழுத் தொகையும் கேட்க வேண்டுமானால் அது விருப்பப் பயணமாக, பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஆகவே "பாடத்துக்கு இன்றியமையாதது" என்று பெற்றோர் கூட்டத்தில் பேசிவிட்டு, விருப்பமானது என்று சொல்லிப் பணம் வாங்கும் பள்ளி தன் வாயாலேயே தன்னை மறுக்கிறது. ஒரே வகுப்பில் சிலர் பிராட்பரி படிக்கட்டைப் பார்த்துத் திரும்ப, மற்றவர்கள் அவர்கள் காட்டும் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்க முடியாத காட்சி. அந்தப் பாகுபாட்டை ஈடுகட்ட எந்தப் பாடத்தாலும் முடியாது.

கலிபோர்னியா வரை போகாமலும் அங்கே கற்பதில் பாதியைக் கற்கலாம். இயக்குநர் குப்ரிக் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்துக்காகக் கிழக்கு லண்டனின் பெக்டன் எரிவாயு ஆலை வளாகத்தை வியட்நாம் ஆக்கினார். 'ஐஸ் வைட் ஷட்' படத்தின் நியூயார்க்கைப் பைன்வுட் அரங்கிலும் லண்டன் தெருக்களிலும் உருவாக்கினார். ஹாட்டன் கார்டன் அவற்றில் ஒன்று. அவருடைய ஆவணங்கள் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. தெருவில் நின்று பார்த்துவிட்டு, அந்தத் தெரு எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று காப்பகத்தில் தேடலாம். கலிபோர்னியப் பகல் வெளிச்சமும் 30 மைல் வட்டமும் லண்டனில் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் இடம் எப்படி வேறோர் இடமாகிறது என்ற அடிப்படைப் பாடம் கிடைக்கும்.

இன்று விற்கப்படும் வடிவில் இந்தப் பயணத்தைப் பாடம் என்ற பெயரில் ஏற்க முடியாது. யூனிவர்சலையும் நடைபாதை நட்சத்திரங்களையும் கழித்துவிட்டு, பிராட்பரி, பிரான்சன் கேன்யன், பர்பாங்க் வளாகம், முடிந்தால் சான் வான் பவுடிஸ்டா என்று நான்கு இடங்களோடு நிறுத்தி, ஒவ்வொரு படத்தையும் புறப்படும் முன்பே ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் படித்துவிட்டுப் போனால் ஏற்கலாம். அதுவும் வகுப்பில் உள்ள கடைசி மாணவர் வரை போக வழிசெய்த பிறகு மட்டுமே. அதற்கு வழியில்லாத பள்ளி, எல்லாரையும் ஹாட்டன் கார்டனுக்கு அழைத்துப் போகட்டும்.