நாகலாபுரத்து வெயிலும் வேர்க்கடலை ஃப்ராஸ்டிங்கும்

வீட்டிலிருந்தே கேக் செய்து தருபவர்கள் இப்போது சின்ன ஊர்களிலும் பீனட் பட்டர் ஃப்ராஸ்டிங் செய்கிறார்கள். வேர்க்கடலையை வறுத்து, மிக்ஸியில் விழுதாக அரைத்து, வெண்ணெயும் ஐசிங் சுகரும் சேர்த்து அடித்தால் ஆயிற்று. பேக்கரி க்ரீம் இல்லை, வீட்டில் அரைத்தது, புரதச் சத்து நிறைந்தது என்று சொல்லித் தருகிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது கணக்குப் போட்டுப் பார்த்தால் தேறாது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு ஒன்று: வீட்டு விழுதை நாவுக்கு நல்லதாக்கும் அதே குணம்தான் கேக்கின் மேல் அதை நிற்கவிடாமல் செய்கிறது. கடலை விளையும் ஊர்களில் வெயிலும் கூட என்பதால் இந்தச் சிக்கல் அங்கேதான் முற்றுகிறது.

நாகலாபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் சுருட்டப்பள்ளி, அதற்கப்புறம் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர் என்பார்கள். மச்சாவதாரக் கோலத்தில் வேதநாராயணப் பெருமாள் இருக்கும் கோயில் அங்கே இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது ஊர் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. பழைய சித்தூர் மாவட்டத்தில் மழையை நம்பி விதைக்கும் பயிர் என்றால் முதலில் வேர்க்கடலைதான். சட்னி, பொடி, வெல்லப்பாகில் உருட்டிய உருண்டை, செக்கெண்ணெய் என்று அந்தக் கடலைக்கு வீட்டில் ஆயிரம் வேலை. கேக் அதில் புதிது.

இந்தப் பக்கத்துக் கடலை எந்த இனம் என்பது ஃப்ராஸ்டிங் விஷயத்தில் முக்கியம். இங்கே நெடுங்காலம் கோலோச்சியது டி.எம்.வி. 2. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட ரகம் அது. பின்னால் கதிரி, திருப்பதி ஆராய்ச்சி நிலையங்களின் ரகங்களும் வந்தன. கொத்துக் கடலை ‘ஸ்பானிஷ்’ வகையைச் சேர்ந்தது. பருப்பு சிறிது, எண்ணெய் அதிகம். எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். செக்கு வைத்திருப்பவருக்கு இது வரம். அமெரிக்காவில் பீனட் பட்டருக்குப் பெரும்பாலும் எடுப்பது ‘ரன்னர்’ என்கிற வேறு வகை. நாம் வீடியோ பார்த்து எழுதிக்கொள்ளும் அளவுகளெல்லாம் அந்த ஊர்க் கடலைக்கும் அந்த ஊர்ச் சமையலறைக் குளிருக்கும் போட்டவை. அதே அளவில் நம் கடலையைப் போட்டால் விழுது ஊற்றுகிற பதத்துக்கு இளகிவிடும்.

விழுதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வேலையின் நல்லது கெட்டது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. அடிகனமான வாணலியில் சின்னத் தீயில், கைவிடாமல் கிளறி, உள்பருப்பு வெளிர்பொன்னிறம் ஆகும்வரை வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சை வாடை போகாது. ஆறியதும் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்க வேண்டும். தோலில் துவர்ப்பு உண்டு. சட்னியில் புளியும் மிளகாயும் அதை மறைத்துவிடும், இனிப்புப் பூச்சில் துவர்ப்பை மறைக்க எதுவும் இல்லை. பிறகு மிக்ஸி. முதலில் பொடியாகும், பின் ஜார் ஓரத்தில் அப்பிக்கொண்டு கட்டியாகும். அவசரப்பட்டுத் தண்ணீர் விடுபவர்கள் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள்; ஈரம் பட்டால் விழுது இன்னும் இறுகும். நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டினால் எண்ணெய் பிரிந்து தானாகவே இளகும். அந்தச் சூடான விழுதின் மணம் எந்தக் கடை பாட்டிலிலும் கிடைக்காது. வறுத்த மணம் நாள்பட நாள்பட மங்குவது. கடைச் சரக்கு நம் கைக்கு வரும்போதே மாதங்கள் ஓடியிருக்கும். சுவையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் வீட்டு விழுதுக்கே முதலிடம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வழவழப்பில் அது தோற்கிறது. மிக்ஸியின் பிளேடு வெட்டுவதோடு சரி, நசுக்குவதில்லை. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நாக்கில் நெருநெருப்பு மிஞ்சும். கோன் முனையில் சின்னப் பூ போடும்போது துகள் அடைத்துக்கொள்ளும். இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரின் மேசைமேல் வகையைத்தான் கொக்கோ கொட்டையிலிருந்து சாக்லேட் செய்யும் வெளிநாட்டுச் சிறு தொழில்காரர்கள் பலர் வாங்கி ஓட்டுகிறார்கள். கல் கல்லோடு உரசி நசுக்குவதால் துகள் நாக்குக்குத் தெரியாத அளவுக்கு நுணுங்குகிறது. வேர்க்கடலைக்கும் அது பொருந்தும். மிக்ஸியில் பாதி அரைத்ததைக் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாவு அரைத்த ஈரமோ புளிப்போ கல்லில் துளியும் இருக்கக் கூடாது. இட்லிக்கு அரைக்கும் கல்லையே இதற்கும் பயன்படுத்துவது நடைமுறையில் தொல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் ஆர்டர் எடுப்பவருக்கு இது சரிப்படும். வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் கேக் செய்யும் வீட்டுக்கு மிக்ஸியே போதும்.

இனி நிற்பது பற்றி. ஃப்ராஸ்டிங்கைக் கேக்கின் மேல் தாங்குவது கெட்டியான கொழுப்பு. வெண்ணெய் 32, 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்கு முன்பே தொய்ந்துவிடும். கடலை எண்ணெயோ குளிர்ப்பெட்டிக்கு வெளியே எப்போதும் திரவம்தான். அக்கினி நட்சத்திரத்தில் வெயில் 40ஐத் தொடும் ஊரில் இவ்விரண்டையும் சேர்த்து அடித்துச் சுருள் சுருளாக உயரமாக ஏற்றினால் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் அது சரியத் தொடங்கும். குளிர்ப்பெட்டியில் வைத்து இறுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அதை வெளியே எடுத்ததும் மேலே நீர் பூத்து, சர்க்கரை கசிந்து, ஃப்ராஸ்டிங் பிசுபிசுத்துப் பளபளக்கும். கோடையில் வெப்பம், மழைக்காலத்தில் ஈரம். நாகலாபுரம் பக்கம் உயரச் சுருளுக்குத் தோதான மாதங்கள் மார்கழியும் தையும்தான்.

கடையில் வாங்கும் பீனட் பட்டரில் செய்தால் கொஞ்சம் நிற்கும். காரணம் எளிது. அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் என்பவர் 1920களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். எண்ணெயில் ஒரு பகுதியை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிச் சேர்த்தால் பாட்டிலில் எண்ணெய் மேலே மிதக்காது. இன்றுவரை கடை பாட்டிலில் எண்ணெய் பிரியாமல் இருப்பது பெரும்பாலும் அந்த வழியின் தயவால்தான். பேக்கரி கேக்கின் மேல் நாள் முழுக்கக் கலையாமல் இருக்கும் ரோஜாப்பூவுக்கும் அடிப்படை அதுவே. அந்தக் காலத்தில் வனஸ்பதியையும் சர்க்கரையையும் அடித்தார்கள். இப்போது பால் கலக்காத, தாவரக் கொழுப்பு விப்பிங் க்ரீம். வனஸ்பதி போன்ற கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 முதல் வரம்பு கட்டியிருப்பதால் பழைய பயம் முழுசாக இன்று பொருந்தாது. ஆனாலும் நாவின் மேல் மெழுகுபோல் ஒட்டும் அந்தக் க்ரீமையும் வீட்டு விழுதையும் ஒருவருக்கு அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள், எதை இரண்டாம் முறை கேட்கிறார் என்று தெரியும். பேக்கரிக்காரர் அழகுக்காகச் சுவையை விட்டார். வீட்டில் செய்பவர் சுவையை வைத்துக்கொண்டு அழகையும் கேட்கிறார். கிடைக்காத ஒன்றைக் கேட்பதால்தான் இந்தச் செய்முறையில் ஐசிங் சுகர் மேலும் மேலும் கொட்டப்படுகிறது.

அந்தச் சர்க்கரையோடு சேர்த்துத்தான் புரதக் கணக்கைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு கப்கேக்குக்கு வழக்கமான அளவு: விழுது 200 கிராம், வெண்ணெய் 100, ஐசிங் சுகர் 200, இரண்டு மூன்று கரண்டி பால். கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தால் மொத்தம் 50 கிராம். ஒரு கப்கேக்குக்கு 4 கிராம்தான் வரும். அதோடு சேர்ந்து வரும் சர்க்கரை 17 கிராம், கொழுப்பு 15 கிராம். இது மேலே பூசியதற்கு மட்டும். கீழே இருக்கும் கேக்கின் சர்க்கரை தனி. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்தநாளில் ஒரு நாள் சாப்பிடுவதைக் குறை சொல்லத் தேவையில்லை. பண்டிகைப் பலகாரத்தைச் சத்துணவு என்று சொல்லிக் குழந்தைக்குத் தினமும் ஊட்டினால்தான் தப்பு. புரதம் வேண்டுமென்றால் உப்புப் போட்டு அவித்த கடலை ஒரு கைப்பிடி போதும்.

நாட்டுச்சர்க்கரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். வேர்க்கடலையும் வெல்லமும் பொருந்தும் என்பதைக் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்காரர்களைக் காட்டிலும் யாரும் அறிந்திருக்க முடியாது. 2020இல் அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கே வெல்லம் பாகாகக் காய்ந்து இறுகுகிறது. ஃப்ராஸ்டிங்கில் காய்ச்சும் வேலையே இல்லை. நாட்டுச்சர்க்கரை வெண்ணெயில் கரையாமல் பல்லில் கடிபடும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். சத்திலும் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. மணத்துக்காகக் கொஞ்சம் சேர்க்கலாம், ஆரோக்கியத்துக்காக அல்ல.

வீட்டில் அரைப்பதன் பெரிய பலம் என்று நான் சொல்லக்கூடியது, கடலையைக் கண்ணால் பார்த்துப் பொறுக்க முடிவதுதான். பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது, தீவனத்திலிருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில்தான் இது முதலில் பிடிபட்டது. ஈரலைக் கெடுக்கும், நாள்பட்டால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். வறுத்தால் குறையும், முழுக்கப் போகாது. ஆடி விதைப்பு ஐப்பசியில் பிடுங்கலுக்கு வரும். அதே நேரம் வடகிழக்குப் பருவமழையும் இறங்கும். காயப்போட்ட காய் நனைந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருக்காது. சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது, முளைத்தது போன்ற சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். ஆகவே முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாய்ப் பார்த்து எறிந்தால் பெரும்பகுதி ஆபத்து விலகிவிடும். இதே காரணத்தால், பொறுக்காமல் அரைக்கும் வீடு சோதனைக்கூடம் வைத்திருக்கும் ஆலையைவிட மோசம். தனியாக மெல்லும்போது கசக்கும் ஒரு பருப்பை நாக்கே காட்டிக்கொடுக்கும். சர்க்கரை அதையும் மூடிவிடுகிறது. முடிந்தால் சித்திரை வாக்கில் வெயிலில் நன்றாகக் காய்ந்து வரும் இறவைப் பயிர்க் கடலையை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

விழுதை வாரக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது, காறிப்போகும். ஒலியிக் அமிலம் மிகுந்த, சீக்கிரம் காறாத கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் 2020இல் இந்தியாவில் வெளியாகியிருக்கின்றன. ஆனால் அவையும் ஃப்ராஸ்டிங்கை நிற்க வைக்கப் போவதில்லை, அந்த எண்ணெயும் திரவம்தான். ஒவ்வாமை பற்றி ஒரே வார்த்தை: வேர்க்கடலை சேராத பிள்ளைக்கு ஒரு விரல் நக்கலே உயிருக்கு வினையாகலாம். விற்பவர் பெட்டியின் மேல் கட்டாயம் எழுத வேண்டும். வகுப்பில் பகிரும் கேக்குக்கு இந்த ஃப்ராஸ்டிங்கே வேண்டாம் என்பது என் கட்சி.

அப்படியானால் இந்த வழக்கத்தை விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. பூச்சாக நினைப்பதை விட்டு நடுப்பூரணமாக நினைத்தால் குறைகளில் பாதி கழன்றுவிடுகிறது. இரண்டு அடுக்குக் கேக்குக்கு நடுவில் அது சரிய இடமில்லை, உயரம் வேண்டியதில்லை, சர்க்கரையையும் பாதிக்கும் கீழாகக் குறைக்கலாம். 200 கிராம் விழுதுக்கு வெண்ணெய் 50, சர்க்கரை 80 போதும். உப்பு வெண்ணெயாக இருந்தால் இன்னும் நல்லது; கடலைக்கு உப்பு வேண்டும். சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே ஒரு கரண்டி பாலை விழுதில் விட்டுக் கிளறினால் இளகுவதற்குப் பதில் இறுகும். எண்ணெய் மிகுந்த விழுதில் ஈரம் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் அப்படி. அரைக்கும்போது தொல்லையாக இருந்த அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. இன்னும் கெட்டி வேண்டுமென்றால் சர்க்கரையைக் கூட்டாமல் பால் பவுடரையோ, சலித்த பொட்டுக்கடலை மாவையோ ஒரு கரண்டி சேர்க்கலாம். பொட்டுக்கடலை எண்ணெயை உறிஞ்சும், மணத்துக்கும் குந்தகம் இல்லை. பால் சேர்த்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

வைகாசியில் ஊத்துக்கோட்டைக்கோ புத்தூருக்கோ பஸ்ஸில் கேக் அனுப்பச் சொல்லி ஆர்டர் வந்தால், நடுவில் கடலைப் பூரணம், மேலே மெல்லிய டார்க் சாக்லேட், அதன்மேல் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த வறுகடலை என்று செய்து தரலாம். ஃபோட்டோவில் காட்டிய சுருள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் தை மாதம் வரச் சொல்லலாம்.